சாமிக்கு வலமா, நமக்கு வலமா

“இருபத்தஞ்சு வருசமா கெமேக் எடுத்துப் பொழைக்கிறேன். இப்ப புதுசா கெமேக் போடச் சொல்றீங்களே சார்!”

மலாக்கா மாநிலத்துச் செலண்டாரில் சாலையோரமாக வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறை வைத்திருந்தவர் இப்படிச் சொல்லிச் சிரித்தார். மோதலில் தகட்டில் விழும் நசுங்கலுக்கு இங்கே மலாய் வழக்கில் கெமேக் என்று பெயர்; அதைத் தட்டி நிமிர்த்துவது அவர் பிழைப்பு. நான் அவரிடம் வேண்டியது அதற்கு நேர்மாறானது. அவர் மேசைமேல் கிடந்தது, ஒன்றரை முழத்துக்கும் குறைவான நெகிழிப் போர்க்கப்பல் ஒன்றின் உடல். உண்மைக் கப்பலில், பல்லாண்டுகள் அலையடித்த எஃகுத் தகடுகள் உள்ளிருக்கும் சட்டங்களுக்கிடையே மெல்லக் குழிந்திருக்கும். பட்டினி கிடந்த மாட்டின் விலாப்போலத் தோன்றும். அக்குழிவுகளை முந்நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சிறுத்துக் காட்டவேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

அவர் காட்டினார். மழுங்கிய கத்தியால் சுரண்டி, நனைந்த உப்புத்தாளால் தேய்த்து, கண்களை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவிப் பார்த்தார். தகடு சரியாகக் குழிந்ததா என்பதைக் கண் பொய்யாகச் சொல்லும், விரல் சொல்லாது என்பது அவர் கொள்கை. கப்பலின் வட்டச் சாளரங்கள் ஒவ்வொன்றின் மேலும் நீர் உள்ளே வழியாதிருக்கப் புருவம்போல ஒரு விளிம்பு உண்டு. பழைய மின்னோடியின் சுருளிலிருந்து உருவிய செப்புக்கம்பியைத் துண்டுதுண்டாக வளைத்து அப்புருவங்களை ஒட்டினார். காந்தக் கண்ணிவெடிக்கு அஞ்சி இரண்டாம் உலகப்போர்க் காலக் கப்பல்களின் உடலைச் சுற்றி ஒரு மின்வடம் ஓடும். அதையும் விடவில்லை. நீர்மட்டத்தில் கரும்பட்டை, அதன்கீழே செம்பூச்சு, நங்கூரச் சங்கிலி உராய்ந்த இடத்தில் துருக்கறை. எட்டு மாதங்கள், பட்டறை மூடியபின் நாள்தோறும் ஒரு மணிநேரம்.

கப்பல் யாருடையது என்பதையும் அவருக்கு அதில் இருந்த பற்று எத்தகையது என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

மலாக்காவில் மாதிரிப் போர்க்கப்பல் செய்யும் தமிழர் நாங்கள் எட்டுப் பேர். எங்களுக்குத் தலைவராக இருந்தவர் யாழ்ப்பாணத்து மரபினரான ஒரு பெரியவர். கடல்துறையில் உயர்பணி பார்த்து ஓய்வுபெற்றவர். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். மற்றவர்களும் அலுவலகப் பணியாளர்களே. ஆயர் குரோவில் ஒரு பொதுமண்டபத்தின் முகப்பில் எங்கள் குழுவுக்கென ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் நிற்கும் ஒவ்வொரு கப்பலின் முன்னும் ஓர் அட்டை. அட்டையில் ‘செய்தவர்’ என்ற சொல். அதன் எதிரே பெயர். அவ்வலமாரியில் இருந்த கப்பல்களுள் ஏழுக்கு நிறம் பூசியவர் செலண்டார்ப் பட்டறைக்காரர். ஏழு அட்டைகளிலும் அவர் பெயர் இல்லை. நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் அவர். மண்டபத்தில் எங்கள் கூட்ட அறையிலேயே தம் தெளிப்பான்களை வைத்திருந்தார்; கூட்டங்களுக்கு வருவார். வேலை முடிந்ததும் போய்விடுவார். உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் ஒருவரும் சொன்னதில்லை.

ஒருநாள் அவரே கேட்டார். “சார், நான் தனியா ஒன்னு செஞ்சா என் பேரப் போடுவாங்களா?”

நான் பெரியவரிடம் சொன்னேன். “போடலாம்தானே,” என்றார் பெரியவர். “ஆனா ஒரு பிழையும் இருக்கப்படாது. பிழை இருந்தா அலுமாரிக்குள்ள போகாது. கண்காட்சியில நானே பாத்துச் சொல்லுறன்.”

இதைக் கேட்ட அன்றே பட்டறைக்காரர் தம் காசில் அந்தக் கப்பலை வாங்கினார். தம் மகளிடம், அலமாரியில் அப்பா பெயர் வரப்போகிறது என்று சொல்லிவிட்டார். அவள் ஆயர் குரோவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நாள்தோறும் அந்த மண்டபத்தைக் கடந்தே போவாள்.

அவர் தேர்ந்த கப்பல் உருமறைப்பு நிறம் பூண்டது. தொலைவிலிருந்து பார்க்கும் பகைவனுக்குக் கப்பலின் நீளமும் அது போகும் திசையும் மயங்கும்படி, கருமையும் சாம்பலும் பச்சையுமாக உடைந்த வடிவங்களை உடல்முழுதும் தீட்டுவார்கள். ஒரு பக்கத்து வடிவம் மறுபக்கத்தில் இராது. இருந்தால் மறைப்பு ஆகாது. இந்நிறவமைப்பின் நம்பகமான வரைபடம் பெரியவரின் நூல் ஒன்றில் மட்டுமே எங்களுக்குக் கிடைத்தது. அந்நூலைப் படியெடுக்க அவர் விடமாட்டார். கைப்பேசியால் படம்பிடிக்கவும் கூடாது. அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து படிக்கலாம். பட்டறைக்காரர் அவர் கூடத்தில் ஒருநாளும் அமர்ந்ததில்லை; ஆகவே நான் போனேன். மூன்று பிற்பகல்கள் அமர்ந்து பார்த்து, ஆறு பக்கங்களில் ஒரு நிறக்குறிப்பு எழுதினேன். “வலப்புறத்தே முன்முனை தொடங்கி இரண்டாம் பீரங்கிமேடை ஈறாகக் கருநிறம் படரும்; அதன் விளிம்பு நேர்க்கோடன்று, அலைக்கோடு.” இவ்வாறு போகும் அக்குறிப்பு. பிறமொழிச் சொல் ஒன்றும் அதில் இல்லை. பெரியவரிடம் படித்துக் காட்டினேன். “வாத்தியார் எழுதினா அப்பிடியே அச்சுக்குக் குடுக்கலாம்,” என்றார். வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

பட்டறைக்காரர் அதை வாங்கி, நின்றபடியே முதற்பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். “ரேடியோவுல செய்தி கேக்குற மாதிரியே இருக்கு சார்,” என்றவர் சற்று நிறுத்தி, “வலப்புறம்னு போட்டிருக்கீங்க. சாமிக்கு வலமா, நமக்கு வலமா?” என்று கேட்டார்.

வேறெந்த நாட்டு மாதிரிக் கப்பல்காரனும் இப்படிக் கேட்டிருக்கமாட்டான். தாம் பிறந்த தோட்டத்துக் கோவிலில் திருவிழாவுக்கு முன் சிலைகளுக்கு நிறம் பூசித் தருவது அவர் வழக்கம். அங்கே சூலம் எந்தக் கைக்கு, கிளி எந்தத் தோளுக்கு என்று யாரேனும் சொன்னால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். சிலையும் நாமும் எதிரெதிரே நிற்கிறோம். அதன் வலம் நம் இடம்.

நான் எரிச்சலுற்றேன். “கப்பலுக்கு வலம். கப்பலின் மூக்கு நோக்கும் திசையில் நீங்கள் நின்றால் எது வலமோ அது. இதிலுமா ஐயம்?”

“அப்ப டிரைவர் பக்கம்,” என்று சொல்லிப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

“கப்பலுக்கு ஏது டிரைவர்?”

“இல்லாம எப்படி சார் ஓடும்?” என்றார். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்ன விடை சரி. நான் எழுதிய குறிப்பு பிழை. அந்நூலில் வரைபடம் கப்பலின் இரு பக்கங்களையும் விரித்து, மூக்கு தாளின் அடிப்பக்கம் பார்த்திருக்க அச்சிடப்பட்டிருந்தது. கப்பல் என்னை நோக்கி வந்தது. நான் சந்நிதியில் நிற்பவனைப்போல அதன் எதிரே அமர்ந்து, என் வலக்கைப் பக்கம் விழுந்ததையெல்லாம் வலப்புறம் என்று எழுதிவிட்டேன். ஓரத்தில் பக்கங்களைக் குறித்து இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவற்றை நான் பொருட்படுத்தவில்லை.

நிறம் பூசி முடியும் நிலையில் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “சார், பாப்பா போன்ல ஒரு பழைய படம் காட்டுனா. நம்ம கப்பல்தான். ஆனா கறுப்பு மாறிக் கெடக்கிற மாதிரி தெரியுது சார்.”

“இணையத்தில் கிடப்பதெல்லாம் சான்றாகுமா? படத்தைத் திருப்பி அச்சிட்டிருப்பார்கள். பலமுறை கண்டிருக்கிறேன்.”

“அப்படியும் இருக்கும்ல சார்.”

“அப்படித்தான்.”

ஆனால் மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போனேன். நூலைத் திறந்தேன். கப்பலின் மூக்கு என் மடியை நோக்கியிருந்தது. அரைநொடியில் விளங்கிற்று. கண்காட்சிக்குப் பத்து நாள்கள் இருந்தன. உடலின் நிறத்தை நீக்கி மீண்டும் பூச அவர் கைக்கு அந்தப் பத்து நாள்கள் போதும்.

அங்கிருந்து நேரே பட்டறைக்குத்தான் வண்டியை ஓட்டினேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். கப்பல் மேசைமேல் நின்றது. நான் அதுவரை பார்த்த மாதிரிக் கப்பல்களுள் அத்துணை உயிருள்ள உடல் வேறில்லை. சாய்வெயிலில் தகடுகள் ஒவ்வொன்றும் தன் குழிவோடு தெரிந்தன. நிறத்தின் விளிம்புகள் அக்குழிவுகளில் ஏறி இறங்கின. அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“எப்படி சார்?”

“நன்று,” என்றேன்.

என் பிழையை நான் சொன்னால் பெரியவருக்கு அது தெரியவரும். நான் சொல்லாமலிருந்து பெரியவர் கண்டுபிடித்தால், அது பூசியவர் பிழையாகும். பூசியவர் பிழைசெய்தால் எவரும் வியக்கமாட்டார். இவற்றை நான் அன்று இதே தெளிவோடு எண்ணினேன். மயங்கியோ மறந்தோ செய்தேன் என்று எழுத வழியில்லை.

கண்காட்சியன்று காலை அட்டை எழுதும் வேலை என்னுடையது. அவர் பெயரின் நடுவே ஒரு கிரந்த எழுத்து உண்டு. அதை நீக்கித் தமிழ் எழுத்தை இட்டு எழுதினேன். மகள் அதைக் கண்டுவிட்டாள்.

“சார், அப்பா ‘ஜ’ போட்டுத்தான் எழுதுவாரு.”

“அது தமிழெழுத்தன்று.”

“ஆனா அது அவரு பேரு சார்.”

“பரவால்ல பாப்பா, விடு,” என்றார் அவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். “பேரு வந்தாச்சுல்ல, அது போதும்.” மகள் கைப்பேசியை உயர்த்திக் கப்பலையும் அட்டையையும் அப்பாவையும் ஒன்றாகச் சேர்த்துப் படம்பிடித்தாள். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்ற அந்த நிற்பு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

பெரியவர் பதினொரு மணிக்கு வந்தார். கைவிளக்கை அடித்துக் குனிந்து, சாளரப் புருவங்களைப் பார்த்து “அட, அட” என்றார். மின்வடத்தைப் பார்த்து என்னைத் திரும்பி நோக்கித் தலையசைத்தார். பெரியவர் கப்பலைச் சுற்றி மறுபக்கம் போனார். மீண்டும் இப்பக்கம் வந்தார். நிமிர்ந்தார்.

“என்ன தம்பி இது? வலப்பக்கம் இடப்பக்கத்தில கிடக்கு. கண்ணாடிக்குள்ள பாத்தே பூசினனீர்?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் உறுப்பினர் ஒருவர், “ரிவர்ஸ் கியர்ல போற கப்பல் லா இது!” என்றார். சிரிப்பு மேலும் பெருகிற்று.

“இல்லைங்கய்யா, சார் எழுதிக் குடுத்தபடிதான்...” என்று அவர் சட்டைப்பையைத் தொட்டார். ஆறு பக்கங்களையும் மடித்து நெகிழி உறையில் இட்டு அன்றும் பையில் வைத்திருந்தார். பெரியவர் கையை நீட்டினார்.

தாள் கைமாறுவதற்குள் நான் பேசினேன்.

“எழுதியது சரிதான் ஐயா. இவர் படிப்பு ஆறாம் வகுப்பு. கட்டிய உரைநடையைத் தொடர்ந்து படித்துப் பொருள்கொள்வது எல்லார்க்கும் கைவராது. குறை என்னுடையதே, எளிமையாக எழுதியிருக்கவேண்டும்.”

குறை என்னுடையது என்று நான் சொன்னதன் நயத்தை அவையில் இருந்தோர் சுவைத்தனர். பெரியவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “அதுதானே. வாத்தியார் பிழை விடமாட்டார்.”

“அப்பா, பேப்பரக் காட்டுங்கப்பா,” என்றாள் மகள். “கேட்டாங்கல்ல, குடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். அப்பார்வையில் சினம் இல்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன், ஒரு நொடி தந்தால் நினைவுக்கு வரும், சொல்லிவிடுவேன் என்று நம்பிக் காத்திருந்தார். பதினைந்து ஆண்டுகளாக என்னைச் சார் என்று அழைத்தவர், பலர்முன் ஒரு வாத்தியாரின் தாளைப் பிழையென்று எடுத்துக் காட்டமாட்டார். நான் நம்பியிருந்தது அவருடைய அந்த மரியாதையை. அது என்னைக் கைவிடவில்லை.

“வேணாம் பாப்பா,” என்றார். “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் மாத்திப் படிச்சிருப்பேன்.”

அட்டையை நான் எடுத்துவிட்டேன்.

வண்டிகள் நிற்குமிடத்தில் மகள் என்னை மறித்தாள். “சார், எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. அவரு தெனைக்கும் பேப்பரு படிக்கிறவரு. எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்ததே அவருதான்.”

“தெனைக்கும் இல்லை, அம்மா. நாள்தோறும்,” என்றேன்.

அவள் போய் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

ஒரு மாதம் கழித்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் தனியே வந்தார். பெட்டியைத் திறந்து கப்பலை மேசைமேல் வைத்தார். மேலிருந்து அடிவரை ஒரே சாம்பல் நிறம். லோரிகளின் அடிச்சட்டத்துக்கு அடிக்கும் தடித்த பூச்சு. அது எல்லாவற்றையும் நிரப்பிவிட்டிருந்தது. புருவங்கள் இல்லை, மின்வடம் ஒரு தழும்பாக மட்டும் எஞ்சியிருந்தது, விலாக்குழிவுகள் மூடிப்போய் உடல் வழவழவென்று கிடந்தது. ஆனால் ஒரு வழிசல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அவர் கை அதிலும் பிசகவில்லை.

“ஐயையோ, எட்டு மாச வேலையை என்ன செய்துபோட்டீர்!” என்று பெரியவர் எழுந்துவிட்டார்.

“இப்ப ரெண்டு பக்கமும் ஒன்னுதான் ஐயா,” என்றார் அவர். “படிக்கத் தெரியாதவன்கூட தைரியமா அடிக்கலாம்.” குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பி, “சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க,” என்றார். ‘சார்’ என்ற சொல் அவ்வாக்கியத்தில் இல்லை. ஆசிரியனாக இருந்த எனக்கு, வாக்கியத்தின் இறுதியில் அச்சொல் இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடப்பது தெளிவாகக் கேட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தனர். அப்போதும் ஒரு வாக்கியம் போதும். எழுவாய், பயனிலை, ஒரு செயப்படுபொருள்.

“உருமறைப்புப் பூண்ட ஆண்டில் இக்கப்பல் சாம்பல் நிறத்தில் இருந்ததில்லை,” என்றேன்.

அவர் தலையசைத்தார், தாம் தெரிந்துகொள்ள வந்ததைத் தெரிந்துகொண்டவர்போல. கப்பலை மேசையிலேயே விட்டுவிட்டு, எங்கள் அறையில் வைத்திருந்த தம் காற்றழுத்தியையும் தெளிப்பான்களையும் இரண்டு நடையாக வண்டியில் ஏற்றினார். யாரும் உதவவில்லை. அதன்பின் எங்கள் குழுவில் எவர் கப்பலுக்கும் அவர் நிறம் பூசியதில்லை. இப்போது நாங்கள் செய்வன தூரிகைத் தடம் தெரியும் கப்பல்கள்.

அலமாரியில் அவருக்கென ஒதுக்கிய தட்டு சில வாரங்கள் வெறுமையாக இருந்தது. பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டில் இருந்த நாசகாரி வகைப் பழைய மாதிரிப் போர்க்கப்பலைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அதன் உடலில் தகடுகளைத் தேய்த்து வடித்தவரும் உருமறைப்பைத் தெளித்தவரும் செலண்டார்ப் பட்டறைக்காரரே. நான் செய்தவை கொடிமரமும் படகுகளும். அட்டையை நானே எழுதினேன்.

சென்ற மாதம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை வந்தார். கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து பார்த்து, “இந்த நிறம் யார் அடிச்சது சார்? உண்மையான கப்பல் மாதிரியே இருக்கே!” என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் பெரியவர் என் முதுகில் தட்டினார். “வாத்தியாரின்ர வேலை. ஒரு பிழை பிடிச்சுக் காட்டுங்கோ பாப்பம்.”

ஆசிரியை பிள்ளைகளிடம், எனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். அவர்கள் கைகுவித்து, ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். நானும் கைகுவித்தேன்.